இடது பக்கத்துச் சிமெண்ட்

பல்லுக்குக் கம்பி கட்டுவது என் தொழில். திண்டிவனத்தில் சொந்தக் கிளினிக். வாரத்தில் இரண்டு நாள் விழுப்புரத்தில் இன்னொருவர் கிளினிக்கில் போய் உட்காருவேன். இந்தத் தொழிலில் யாரும் வெளியே சொல்லிக்கொள்ளாத கவலை ஒன்று உண்டு. கம்பியை எப்படி வளைப்பது, பல்லை எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதையெல்லாம் படித்த படிப்பு பார்த்துக்கொள்ளும். ஒட்டினது ஒட்டினபடி நிற்குமா என்பதற்கு மட்டும் எந்தப் படிப்பும் ஜாமீன் கொடுக்காது.

கடைவாய்ப் பல்லைச் சுற்றி மோதிரம் மாதிரி ஒரு எஃகுப் பட்டை போடுவோம். கம்பியின் கடைசி நுனி அதில்தான் போய்ச் செருகும். அந்தப் பட்டை பல்லோடு நிற்பது முழுக்க முழுக்க சிமெண்டின் தயவு. அது கழன்றால் நோயாளிக்கு என்மேல் கோபம் வரும், எனக்கு நோயாளிமேல் வரும். முறுக்கு தின்றாயா, கரும்பு கடித்தாயா என்று நான் விசாரிப்பேன். ஐயோ இல்லவே இல்லை டாக்டர், வெறும் தயிர்சாதம்தான் என்று அவர்கள் சத்தியம் செய்வார்கள். தயிர்சாதத்தில் கழலும் பட்டையை நான் இன்னும் பார்க்கவில்லை.

வெகுகாலமாக நான் நம்பியது தூளும் திரவமுமாக வரும் பழைய வகை. கண்ணாடிப் பலகையில் தூளைக் கொட்டி, சொட்டுச் சொட்டாகத் திரவம் விட்டுக் குழைக்க வேண்டும். திண்டிவனத்துச் சித்திரை வெயிலில் குழைத்து முடிப்பதற்குள்ளேயே இறுக ஆரம்பித்துவிடும். உதவிக்கு இருக்கும் பெண் கொஞ்சம் தாமதித்தாலும் என் வாயில் நல்ல வார்த்தை வராது. ஆனாலும் அந்தச் சிமெண்டுக்கு நல்ல குணம் இருக்கிறது. கொஞ்சம் எச்சில் பட்டாலும் பொறுத்துப்போகும். அடியில் இருக்கும் பல்லைச் சொத்தையாக விடாது. பிடிமானம்தான் சுமார். புது வகை அப்படியே நேர்மாறு. குழாயில் பசையாக வரும், தடவி நீல விளக்கைக் காட்டினால் கல்லாகிவிடும். ஆனால் பல் சுத்தமாகக் காய்ந்திருக்க வேண்டும், லேசாக ஈரம் பட்டாலும் முறுக்கிக்கொள்ளும். கழற்றும்போது சுரண்டிச் சுரண்டி நம் உயிர் போகும்.

எது தேவலை என்று யாரைக் கேட்டாலும் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள். விற்க வந்தவரைக் கேட்டால் அவர் தன் சரக்கைத்தான் புகழ்வார். சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று ஒரு ஒப்பீடு ஆரம்பித்தேன். சம்மதித்தவர்களுக்கு மட்டும், ஒரே வாயில் வலது பக்கம் பழசு, இடது பக்கம் புதுசு. ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே எச்சில். எந்தப் பக்கம் முதலில் கழலுகிறது என்று பார்த்தால் தீர்ந்தது. இதைவிட நியாயமான சோதனை இருக்க முடியுமா என்று எனக்கே என்மேல் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில், நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருவரிடமும், இடது பக்கம் போட்டிருப்பது புதுசு, கல்லு மாதிரி பிடிக்கும் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாதங்கள் போயின. இரண்டு பக்கமும் கழன்றன. இடது பக்கம் கொஞ்சம் அதிகமாகவே கழன்றது. விற்றவரைப் போனில் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தேன். அவர் பாவம், நீங்கள் பல்லைச் சரியாக உலர்த்தவில்லை மேடம் என்று சொல்லிப் பார்த்தார். அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அந்தச் சோதனைக்குச் சம்மதித்தவர்களில் ஒருத்தி, மயிலத்தில் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துபவள். பிறந்தது விழுப்புரம். வாழ்க்கைப்பட்டது திண்டிவனத்தில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருக்கும் குடும்பத்தில். கல்யாணமான பிறகு தன் சம்பளத்தில் கம்பி கட்டிக்கொள்ள வந்தாள். கல்யாணம்தான் ஆகிவிட்டதே, இனிமேல் யார் பார்க்கப் போகிறார்கள் என்று வீட்டில் கேட்டார்களாம். தினமும் கண்ணாடி பார்ப்பது நான்தானே என்று சொல்லிவிட்டு வந்தேன் என்றாள். எனக்கு அன்றைக்கே அவளைப் பிடித்துப்போயிற்று. அவளுக்கு முதல் கரு தங்கவில்லை. கொஞ்ச நாள் வராமல் இருந்து, பிறகு வந்தாள். அதன்பின் திரும்ப உண்டாகி, ஒன்பதாம் மாதம் ஆனதும் வளைகாப்புக்கு என்னை நேரில் வந்து அழைத்தாள்.

மரக்காணம் ரோட்டில் ஒரு சின்ன மண்டபம். முற்பகல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் இரண்டாவது வரிசையில் மின்விசிறிக்கு நேராக இடம்பிடித்து உட்கார்ந்தேன். அவள் மேடையில், கழுத்து நிறைய மாலையோடு, சந்தனம் பூசின கன்னமும் வேர்வையுமாக உட்கார்ந்திருந்தாள். பெண்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, கண்ணாடி வளையல் போட்டு, கடைசியில் வாயில் ஒரு இனிப்பு ஊட்டிவிட்டு இறங்கினார்கள். அந்த இனிப்பு என்ன என்று எட்டிப் பார்த்தேன். மல்லாட்டை உருண்டை. மண்டிக்காரர் வீட்டு விசேஷத்தில் வேறு என்ன இருக்கும்? அவள் மாமியாரே கைப்பட, பாகு முறுக வைத்துப் பிடித்தது. என் நோயாளிகள் யாரும் தொடவே கூடாது என்று நான் தலையால் அடித்துக்கொள்ளும் பண்டங்களில் முதலில் நிற்பது அதுதான்.

அவள் என்னைப் பார்த்து, என்ன செய்ய என்பதுபோல் முழித்தாள். அந்த மணையில் உட்கார்ந்தவள் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. ஒரு வாய் வாங்கிக்கோம்மா என்று சித்தி ஊட்டினாள், பெரியம்மா ஊட்டினாள், பக்கத்து வீட்டுக்காரி ஊட்டினாள். நான் என்ன செய்ய முடியும்? சபை நடுவில் எழுந்து நின்று, பெரியம்மா, அந்த உருண்டையைக் கீழே போடுங்கள் என்று கத்தவா? இருப்புக்கொள்ளாமல் நெளிந்தேன். ஒவ்வொரு உருண்டைக்கும் என் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மாமியார் வழியில் ஒரு அத்தைக்காரி, பிள்ளை தாத்தா மாதிரியே மொட்டைத் தலையோடு பிறக்கப்போகிறது என்று கிண்டல் செய்தாள். வாய் நிறைய உருண்டையோடு இவள் சிரித்துவிட்டாள். சட்டென்று புரை ஏறிவிட்டது. கண்ணில் தண்ணீர் வர இருமினாள். யாரோ நினைக்கிறார்கள் என்று எல்லோரும் சிரித்துக்கொண்டே அவள் உச்சந்தலையில் தட்டினார்கள். அத்தைக்காரி கையை நீட்ட, வாயில் இருந்ததை அதில் துப்பிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். ஆரத்தி எடுத்தார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பந்தியில் உட்காரப் போகும்போது அவள் கண்ணாலேயே என்னைக் கூப்பிட்டாள். உடை மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினோம்.

"டாக்டர், இடது பக்கம் மேல இருந்த பட்டையக் காணோம்."

போனில் இருந்த விளக்கைப் போட்டு வாயைத் திறக்கச் சொன்னேன். கடைவாய்ப் பல் மொட்டையாக நின்றது. நான் மடக்கிவிட்டிருந்த கம்பி நுனி நிமிர்ந்து கன்னத்தைக் குத்திக்கொண்டிருந்தது. நாக்குக்கு அடியில், கன்னத்தின் பக்கம், எங்கேயும் பட்டை இல்லை. எப்போது போயிற்று என்று கேட்டேன், தெரியவில்லை என்றாள். புரை ஏறினதிலிருந்து தொண்டையில் ஏதோ உறுத்துகிறது என்றாள். சொல்லும்போதே ஒரு இருமல் வந்தது.

பட்டை வயிற்றுக்குள் போயிருந்தால் பெரும்பாலும் தன்னால் வெளியே வந்துவிடும். புரை ஏறின நேரத்தில் மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால்? ஒன்பது மாத வயிற்றோடு, அங்கே போய் அடைத்துக்கொண்டிருந்தால்? எங்கே இருக்கிறது என்று தெரிந்தே ஆகவேண்டும். தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து ஒரு வழிதான். நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே.

அதற்குள் மாமியார் கதவைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன். எக்ஸ்ரே என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்ததும், அந்த அம்மாள் அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"திரும்பியும் எக்ஸ்ரேவா டாக்டரம்மா? ஒரு தடவ பட்டது போதாதா?"

இதை இங்கே சொல்லியாக வேண்டும். கம்பி கட்டுவதற்கு முன்னால் தாடைக்கு ஒரு எக்ஸ்ரே எடுப்பது வழக்கம். அவளுக்கும் என் கிளினிக்கில் எடுத்தோம். அப்போது அவள் உண்டாகியிருந்தது அவளுக்கே தெரியாது. சில வாரங்களில் அந்தக் கரு கலைந்துபோயிற்று. தாடைக்கு எடுக்கும் எக்ஸ்ரே வயிற்றைத் தொடுவதே இல்லை, அதனால் கரு கலையாது என்று எனக்குத் தெரியும், அவளுடைய பிரசவ டாக்டருக்கும் தெரியும். அந்த வீட்டில் மட்டும், பல்லு எக்ஸ்ரேதான் பிள்ளையைத் தின்றுவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். என் காதுக்கு அது வேறு ஒரு நோயாளி மூலமாக வந்தது. அவளும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். வயிற்றின்மேல் ஈயக் கவசம் போர்த்திவிட்டுத்தான் எடுப்பார்கள், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, பட்டை எங்கே என்று தெரியாமல் விடுவதுதான் ஆபத்து என்றேன். அந்த அம்மாள் காதில் அது ஏறவில்லை. பட்டை இங்கேதான் விழுந்திருக்கும், நான் தேடுகிறேன் என்றார். கிடைத்ததும் போன் செய்கிறேன், அதுவரைக்கும் எதுவும் எடுத்துவிடாதீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மகனையும் கூட்டிக்கொண்டு, பந்திக்குப் பின்னால் எச்சில் இலை குவிந்திருந்த இடத்துக்குப் போனார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. பேஜாராகவும் இருந்தது.

வளைகாப்பு முடிந்தால் பெண் நேராகத் தாய்வீட்டுக்குப் போவது முறை. விழுப்புரத்துக்குக் கார் தயாராக நின்றது. அவள் அப்பா ஓட்ட, அம்மா முன்னால் உட்கார, நான் பின்னால் அவளோடு ஏறிக்கொண்டேன். போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாதாம், அவளும் சொல்லாமலே ஏறினாள். ஏறியதும் விழுப்புரத்தில் அவளுடைய பிரசவ டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. கவசம் போட்டு உடனே எடுங்கள், ஸ்கேன் சென்டரில் நான் சொல்லிவைக்கிறேன் என்றார்.

கார் ஹைவேயில் ஏறியது. அவள் இருமும்போதெல்லாம் இரண்டு கை வளையலும் சேர்ந்து குலுங்கின. நான் அவள் முதுகில் கையை வைத்தபடி மூச்சு சீராக வருகிறதா, இழுக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். ஒரு சமயம் இழுப்பதுபோல் இருக்கும். இன்னொரு சமயம் ஒன்றும் இல்லாததுபோல் இருக்கும். ஏ.சி.யை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டேன். லாரிச் சத்தம்தான் கேட்டது. முன்சீட்டில் அவள் அம்மா முருகா முருகா என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எனக்கும் யாரையாவது கூப்பிட்டால் தேவலை போலிருந்தது.

மனத்தைத் திருப்பத்தான் கேட்டேன், உருண்டையை எந்தப் பக்கம் வைத்து மென்றாய் என்று.

"இடது பக்கந்தான் டாக்டர். எப்பவுமே இடது பக்கந்தான். அந்தப் பக்கம் புதுசு, கல்லு மாதிரி புடிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? கெட்டியா எதுனா இருந்தா அந்தப் பக்கமே தள்ளிக்கினு இருந்தேன்."

ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே எச்சில் என்று கணக்குப் போட்ட என் மண்டையில், அந்த ஆள் ஒரு பக்கமாகவே மெல்லுவாள் என்பது ஏறவே இல்லையே. இவள் மட்டுமா? எத்தனை பேரிடம் அதே பல்லவியைப் பாடியிருக்கிறேன். சிலர் புதுசை நம்பி அந்தப் பக்கமே மென்றிருப்பார்கள். புதுசாயிற்றே, பத்திரமாக இருக்கட்டும் என்று சிலர் அந்தப் பக்கத்தைத் தொடாமலே விட்டிருப்பார்கள். நம் ஜனங்கள் புதுப் பாத்திரத்தையே பரணில் ஏற்றிவைப்பவர்கள்தானே. எந்தச் சிமெண்ட் நல்லது என்று எனக்குத் தெரிந்த லட்சணம் அவ்வளவுதான். வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு, அந்த ஒட்டுமொத்த ஒப்பீடும் நாசமாய்ப் போகட்டும், பட்டை மட்டும் இவள் நெஞ்சுக்குள் இல்லாமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

கூட்டேரிப்பட்டு தாண்டினோம். மாமியார் போன் செய்தார், இலையெல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் கிடைக்கவில்லை, பொறுத்திருங்கள் என்றார். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகள் நீளமாக நின்றன. அங்கே நிற்கும்போது அவளுக்கு மறுபடி இருமல் வந்தது. இந்தத் தடவை நிற்காமல் இருமினாள். நான் பயந்துபோய் அவளைக் குனியவைத்து முதுகைத் தட்டினேன். அடங்கியதும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்க பொண்ணா இருந்தா எடுப்பீங்களா டாக்டர்?"

"எடுப்பேன்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே நிம்மதி இல்லை. படிப்பு ஒன்றும் ஆகாது என்கிறது. ஆனால் பிரசவத்தில் ஆயிரம் நடக்கும். எதனாலோ ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், மறுபடியும் அந்த எக்ஸ்ரேதான் என்று இவளையும் என்னையும் சேர்த்துத் தூக்கிலே போடுவார்கள். என் பெயர் கெடுவதுகூடப் போகட்டும். வாழ்நாள் முழுக்க இவள் அந்த வீட்டில் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமே. அவள் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். பிறகு, அப்பா, நேராக ஸ்கேன் சென்டருக்குப் போங்கள் என்றாள்.

ஸ்கேன் சென்டரில் தயாராகவே இருந்தார்கள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினாள். வளையலைக் கழற்றுகிறீர்களா என்று எக்ஸ்ரே எடுப்பவர் கேட்டதற்கு, முடியாது, பிள்ளை பிறக்கிறவரைக்கும் கழற்றக்கூடாது என்று அவள் அம்மா முந்திக்கொண்டு சொன்னார். கை நெஞ்சுக்கு நேரே வராமல் வைத்துக்கொண்டால் போதும் என்று அவர் விட்டுவிட்டார். வயிற்றைச் சுற்றி ஈயக் கவசத்தை நானே கட்டினேன். கட்டினது போதாது என்று தோன்ற, மேலே இன்னொன்று போர்த்தச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். கதவு மூடியது. மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது. வெளியே நானும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

படம் திரையில் வந்தது. நான் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன், அங்கிருந்த டாக்டரும் பார்த்தார். மூச்சுக்குழாயில் ஒன்றும் இல்லை. இரண்டு நுரையீரலும் சுத்தமாக இருந்தன. ஒன்றும் இல்லை கண்ணு என்று சொல்ல வெளியே வந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் அவள் போன் அடித்தது. மாமியார். பக்கத்தில் இருந்த எனக்கே அவர் குரல் கேட்டது, அவ்வளவு சந்தோஷத்தில் கத்தினார்.

"கெடைச்சுடுச்சும்மா. நீ துப்புனியே, அந்த உருண்டையிலயே சிக்கிக்கினு இருந்துது. அத்தைக்காரி அத காயிதத்துல சுருட்டி ஜன்னல் மேல வெச்சிருக்கறா. எக்ஸ்ரே கிக்ஸ்ரே எதுவும் வேணாம், நேரா வூட்டுக்குப் போங்க."

இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் படமே எடுத்திருக்க வேண்டாம். கையெடுத்துக் கும்பிடாத குறையாக அந்த அம்மாள் சொன்னாரே, எதுவும் எடுத்துவிடாதீர்கள் என்று. எச்சில் இலையையெல்லாம் கையால் புரட்டித் தேடியிருக்கிறாரே. இனிமேல் அவரிடம் என்னத்தைச் சொல்வது? நான் சொன்னதால்தான் எடுத்தோம் என்று நானே சொல்லிவிடலாம் என்று போனுக்குக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"எக்ஸ்ரே எடுத்தாச்சு அத்த" என்றாள். "டாக்டர் மேல கோச்சுக்காதீங்க. நான்தான் எடுக்கச் சொன்னேன்."

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள், வளையல்கள் ஒன்றோடொன்று உரசின. நான் அவள் தோளில் கையை வைத்தேன். அவள் திரும்பவும் பேசினாள்.

"போன தடவ போனதும் எக்ஸ்ரேயால இல்ல அத்த. எனக்கு அப்பவே தெரியும். உங்க எல்லார்கிட்டயும் சொல்லத்தான் பயமா இருந்துச்சு."

இணைப்பு போய்விட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள். போகவில்லை. அந்த அம்மாள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எனக்கும் பயந்தாம்மா" என்றார். "இந்தப் புள்ளையும் போயிடுமோன்னு தெனமும் பயந்துக்கினே இருக்கறேன். யாரையாவது கொற சொல்லிக்கினு இருந்தா மனசு கொஞ்சம் ஆறுச்சு."

அவள் அழுதாள். பக்கத்தில் நின்றிருந்த நான், இத்தனை நாளாக இவளிடம் அந்தப் பேச்சையே எடுக்காத நான், வருகிறவர் போகிறவரெல்லாம் பார்க்க அவளோடு சேர்ந்து அழுதேன்.